கம்பெனிக்கு நிஜ முதலாளி யார்? வாயைப் பிளக்க வைக்கும் 15 ‘தெரியுமா?’

போர்டில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர், செக்கில் கையெழுத்து இன்னொருவருடையது, ராத்திரி கல்லாவை எண்ணி எடுத்துப் போகிறவரோ நாலாவது ஆள்! நம் ஊர்க் கடைத்தெருவுக்கு இது புதிதா என்ன? ஆனால் இதே கண்ணாமூச்சியை உலக அளவில், லட்சக்கணக்கான கம்பெனிகளை வைத்து ஆடுகிறார்கள். ‘கடைசியில் நிற்கும் ஆளைக் காட்டு’ என்று அரசாங்கங்கள் சட்டம் போட ஆரம்பித்ததும் இன்னொரு கூத்து வெளியே வந்தது. ஒளிக்க எதுவுமே இல்லாத நேர்மையான நிறுவனங்களுக்கே ‘நம்மிடம் மொத்தம் எத்தனை கம்பெனி, எதில் யார் டைரக்டர், யாருக்கு எவ்வளவு ஷேர்’ என்று சட்டெனச் சொல்லத் தெரியவில்லை! அந்தக் கணக்கைக் கட்டிக் காப்பதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் துறை வளர்ந்து நிற்கிறது. பெயர், என்டிட்டி மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் தூக்கமே போய்விடும். பார்க்கலாமா?

1. லைப்ரரி கார்டு வாங்குவதைவிட கம்பெனி தொடங்குவது சுலபம், தெரியுமா?

அமெரிக்காவில்தான்! குளோபல் ஃபைனான்ஷியல் இன்டக்ரிட்டி என்ற வாஷிங்டன் ஆய்வு அமைப்பு 2019-ல் 50 மாநிலங்களையும் தலைநகரையும் வரிசையாக ஒப்பிட்டது. நூலகத்தில் புத்தகம் எடுக்க என்னென்ன விவரம் கேட்கிறார்கள், கம்பெனி பதிய என்னென்ன கேட்கிறார்கள் என்ற ஒப்பீடு. முடிவு? எல்லா இடத்திலும் நூலகமே அதிகம் கேட்டது! நாவல் ஒன்றை இரவல் வாங்குகிறவர் முகவரிச் சான்று நீட்ட வேண்டும். கோடிகளைக் கையாளப் போகும் கம்பெனியின் நிஜ முதலாளி யாரென்று அன்று மாநிலங்கள் கேட்கவே இல்லை.

2. ஒற்றை மாடிக் கட்டடத்தில் 2,85,000 கம்பெனிகள் ‘குடியிருந்தன’, தெரியுமா?

டெலவர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், 1209 நார்த் ஆரஞ்சு தெரு. பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் கணக்குப்படி குறைந்தது 2,85,000 நிறுவனங்களுக்கு இதுதான் சட்டப்படியான முகவரி! உள்ளே யாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கவில்லை. கம்பெனி சார்பில் நோட்டீஸ் வாங்கி வைக்கும் ‘ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்’ ஒருவரின் அலுவலகம் அது, அவ்வளவுதான்.

டெலவரின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். அங்கே பதிவான நிறுவனங்களோ 20 லட்சத்துக்கு மேல். ஆளுக்கு இரண்டு கம்பெனி! கேமன் தீவுகளில் யுக்லண்ட் ஹவுஸ் என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தபோது 18,857 நிறுவனங்களின் முகவரி அது.

இதில் இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவின் இரண்டு பெரிய ரிஜிஸ்டர்டு ஏஜென்ட் நிறுவனங்கள் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். சி.டி. கார்ப்பரேஷன் 1892-ல் தொடங்கியது, சி.எஸ்.சி. 1899-ல். அன்று லெட்ஜரில் பேனாவால் எழுதியவர்கள் இன்று அதே வேலைக்கு சாஃப்ட்வேர் விற்கிறார்கள்!

3. டெலவருக்கு அந்த யோகத்தை வாங்கிக் கொடுத்தவர் ஒரு வருங்கால ஜனாதிபதி, தெரியுமா?

முதலில் கம்பெனிகளின் சொர்க்கம் டெலவர் இல்லை, நியூ ஜெர்சி. அங்கே கவர்னராக இருந்த உட்ரோ வில்சன், வெள்ளை மாளிகைக்குப் புறப்படும் நேரத்தில், 1913-ல், பெருநிறுவனங்களின் பிடியை இறுக்கும் ஏழு சட்டங்களுக்கு வழி செய்தார். ‘ஏழு சகோதரிகள்’ என்று பெயர் வந்தது. கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து டெலவருக்குப் போயின. 1899-லேயே தாராளமான சட்டம் போட்டுக் காத்திருந்த டெலவருக்கு அடித்தது லாட்டரி. இன்று ஃபார்ச்சூன் 500 பட்டியலில் பாதிக்கு மேல் டெலவர் கம்பெனிகள்தான்!

4. அமெரிக்காவின் வெளிப்படைச் சட்டம் ஜனாதிபதியின் வீட்டோவைத் தாண்டி வந்தது, தெரியுமா?

கார்ப்பரேட் டிரான்ஸ்பரன்சி ஆக்ட். தனிச் சட்டமாக வரவில்லை, ராணுவ பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பகுதியாக ஏறிக்கொண்டது. டிரம்ப் அந்த மசோதாவை 2020 டிசம்பர் 23-ல் நிராகரித்தார். 28-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை, 2021 ஜனவரி 1-ல் செனட் என இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அதை மீறிச் சட்டமாக்கின. ஆமாம், புத்தாண்டு தினத்தில்!

பொறுப்பு நிதியமைச்சகத்தின் கீழுள்ள ஃபின்சென் அமைப்புக்கு. ஃபைலிங் ஆரம்பம் 2024 ஜனவரி 1. முதல் ஆண்டில் எத்தனை கம்பெனிகள் விவரம் தர வேண்டியிருக்கும் என்று ஃபின்சென் போட்ட மதிப்பீடு 3 கோடியே 26 லட்சம்! பங்குச் சந்தையில் பட்டியலிட்டவை, வங்கிகள், 20 முழுநேர ஊழியருக்கு மேல் வைத்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவை உள்பட 23 வகைக்கு விலக்கு. அதாவது பெரிய கம்பெனி தப்பித்தது, தெருமுனை பீட்ஸா கடை மாட்டியது!

5. குடியிருப்போர் சங்கத் தலைவரும் ‘நிஜ முதலாளி’ ஆகலாம் என்றிருந்தது, தெரியுமா?

இந்தச் சட்டத்தின்படி 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் உரிமையாளர். பங்கே இல்லாவிட்டாலும் ‘கணிசமான கட்டுப்பாடு’ கையில் இருந்தால் அவரும் உரிமையாளர்தான். இந்த இரண்டாவது கொக்கி எங்கே போய் மாட்டியது தெரியுமா? அமெரிக்காவின் பல குடியிருப்போர் சங்கங்கள் சட்டப்படி கம்பெனியாகப் பதிந்தவை. வரிவிலக்குப் பெற்ற பிரிவில் வராத சங்கமென்றால், சம்பளம் வாங்காமல் நீச்சல்குளப் பராமரிப்பு பற்றி மீட்டிங் போடுகிற தலைவரும் செயலாளரும் பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ் படத்தை ஃபின்செனுக்கு ஏற்ற வேண்டிய நிலை இருந்தது. சங்கங்களின் தேசிய அமைப்பு கோர்ட்டுக்கே போய்விட்டது!

6. சரியாக 25 சதவீதம் வைத்திருந்தால் மூன்று நாட்டில் மூன்று நியாயம், தெரியுமா?

நாலு நண்பர்கள், சரிசமமாக ஆளுக்கு 25 சதவீதம் போட்டு ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள்.

அமெரிக்கச் சட்டம் ‘25 சதவீதமும் அதற்கு மேலும்’ என்கிறது. நாலு பேரும் உள்ளே!

பிரிட்டனில் ‘25 சதவீதத்துக்கு மேல்’ இருக்க வேண்டும். பங்குக் கணக்கில் நாலு பேரும் வெளியே!

இந்தியாவில் வரம்பு 10 சதவீதம்தான், ரொம்பவே தாழ்வு. ஆனால் இங்கே தேடுவது மறைமுகமாகப் பிடித்திருக்கும் ஆளை. நாலு பேரும் சொந்தப் பெயரிலேயே ஷேர் வைத்திருந்தால் உறுப்பினர் பதிவேட்டிலேயே பெயர் இருக்கிறதே, தனி அறிவிப்பு எதற்கு? எனவே இங்கேயும் வெளியே, முற்றிலும் வேறு காரணத்துக்காக!

ஒரே நாலு பேர், ஒரே பங்கு, நாட்டுக்கு ஒரு நியாயம். பத்து நாடுகளில் கிளை வைத்திருக்கும் குழுமத்தின் கம்பெனி செக்ரட்டரி இதையெல்லாம் மனப்பாடமாகவா வைத்திருக்க முடியும்? என்டிட்டி சாஃப்ட்வேரில் நாடு வாரியாக விதிகளை ஏற்றி வைப்பது இதற்காகத்தான்.

7. 51-ஐ மூன்று முறை பெருக்கினால் முதலாளி காணாமல் போவார், தெரியுமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒருவர் மேலே உள்ள கம்பெனியில் 51 சதவீதம் வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனி நடுக் கம்பெனியில் 51. நடுக் கம்பெனி கீழே உள்ள கம்பெனியில் 51. எல்லா அடுக்கிலும் பெரும்பான்மை அவரிடம்தான். கீழ்க் கம்பெனியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இப்போது பெருக்குங்கள். 51-இல் 51 சதவீதம் 26.01. அதில் 51 சதவீதம் எடுத்தால் 13.27. அட, 25-க்குக் கீழே இறங்கிவிட்டாரே! பெருக்கல் கணக்கை மட்டும் நம்பினால் ஆள் தப்பித்தார். அதனால்தான் அமெரிக்கச் சட்டம் ‘கணிசமான கட்டுப்பாடு’ என்ற இரண்டாவது வலையை விரித்தது. இந்திய விதி பெருக்குவதோடு நிற்பதில்லை. பங்கு வைத்திருக்கும் கம்பெனியிலோ அதன் உச்சியில் இருக்கும் தாய்க் கம்பெனியிலோ பாதிக்கு மேல் யார் கையில் என்று நேராக மேலே ஏறிப் போய்ப் பார்க்கிறது. மாட்டினார்!

சாஃப்ட்வேரில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கட்டம், ஒவ்வொரு பங்கும் ஒரு கோடு. கோட்டின் மேல் சதவீதத்தைப் போட்டுவிட்டால் கடைசி ஆள் வரை கணக்குப் போட்டுப் படமாக வரைந்து காட்டிவிடும். முன்பெல்லாம் இந்தப் படத்தைப் பவர்பாயின்ட்டில் கையால் வரைவார்கள். வரைந்து முடிப்பதற்குள் ஒரு கம்பெனி கைமாறியிருக்கும்!

8. ஒரு கம்பெனி தனக்குத்தானே முதலாளியாக இருக்கும், தெரியுமா?

அ என்ற கம்பெனி ஆ-வில் 50 சதவீதம் வைத்திருக்கிறது. அதே ஆ, அ-வில் 20 சதவீதம் வைத்திருக்கிறது. அ-வின் மீதி 80 சதவீதம் உங்களுடையது. ஆ-வின் மீதிப் பாதி வேறொருவருடையது. அ-வில் உங்கள் உண்மையான பங்கு எவ்வளவு? 80 என்று சொன்னால் தப்பு! ஆ-வின் 20 சதவீதத்திலும் பாதி சுற்றிக்கொண்டு உங்களிடமே வருகிறது. அது மறுபடி சுற்றுகிறது, மறுபடி வருகிறது... முடிவே இல்லாத இந்தச் சுற்றைக் கூட்டினால் கிடைப்பது 80-ஐ 0.9-ஆல் வகுத்த விடை, 88.89 சதவீதம்! எக்ஸெல் ஷீட்டில் இதைப் போட்டால் ‘வட்டக் குறிப்பு’ என்று எச்சரிக்கை அடித்து நின்றுவிடும்.

9. பனாமா பேப்பர்ஸை உடைத்ததும் இதே கட்டம்-கோடு வித்தைதான், தெரியுமா?

2016 ஏப்ரல் 3, பனாமா பேப்பர்ஸ் வெளியான நாள். மொசாக் ஃபொன்சேகா என்ற ஒரே சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 2.6 டெராபைட், 2,14,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள்! ஐஸ்லாந்து பிரதமரின் பதவி சில நாளிலேயே போனது. இவ்வளவு குவியலில் யார் யாரோடு தொடர்பு என்று பத்திரிகையாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சர்வதேச புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு பயன்படுத்தியது கிராஃப் டேட்டாபேஸ். ஆள் ஒரு புள்ளி, கம்பெனி ஒரு புள்ளி, முகவரி ஒரு புள்ளி, உறவுகள் கோடுகள். ஒரு புள்ளியைத் தொட்டால் வலையே நிமிர்ந்து நிற்கும். ஒளித்து வைத்ததைப் பிடிக்க உதவிய அதே உத்தி, இன்று ஒழுங்காகக் கணக்குக் காட்ட நினைக்கும் கம்பெனிகளுக்கும் கை கொடுக்கிறது!

10. வீடு மாறினால் நாளொன்றுக்கு 591 டாலர் அபராதம் வரை போகலாம் என்றிருந்தது, தெரியுமா?

அமெரிக்க விதியின் உண்மையான முள் இங்கேதான். ஒரு தடவை ஃபைல் பண்ணினால் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். இல்லவே இல்லை! உரிமையாளரின் முகவரி மாறினாலும், கல்யாணமாகிப் பெயர் மாறினாலும், புதிய பாஸ்போர்ட்டில் நம்பர் மாறினாலும் 30 நாளுக்குள் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். விலைவாசிக்கு ஏற்ப 2024-ல் அது 591 ஆனது. முழுதாக ஒரு வருடம் விட்டால் 2,15,715 டாலர்! அதோடு இரண்டு வருடம் வரை சிறைக்கும் இடமிருந்தது.

இப்போது நாற்பது கம்பெனிகளில் பங்கு வைத்திருக்கும் ஒருவர் வீடு மாறுகிறார் என்று வையுங்கள். நாற்பது திருத்தம்! சாஃப்ட்வேரில் அவர் பெயர் ஒரே ஒரு பதிவு. அதில் முகவரியை மாற்றிய நொடியில், அவர் எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார், எந்தெந்த நாட்டில் எந்தப் படிவம், கெடு என்றைக்கு என்று பட்டியல் வந்து விழும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடமும் அழியாமல் நிற்கும். ஃபின்செனும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. தனிநபர் ஒரு அடையாள எண் வாங்கிக்கொண்டால், மாற்றத்தை அங்கே ஒரே இடத்தில் சொன்னால் போதும்!

11. கெடு முடியும் நாளன்றே ‘நீங்கள் ஃபைல் பண்ண வேண்டாம்’ என்றார்கள், தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 1-ல் அலபாமா நீதிமன்றம் ‘இந்தச் சட்டமே செல்லாது’ என்றது, ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும். டிசம்பர் 3-ல் டெக்சாஸ் நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது. அந்த வழக்கின் பெயர் ‘டெக்சாஸ் டாப் காப் ஷாப்’! டிசம்பர் 23-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையைத் தூக்கியது. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், 26-ல், அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தியது. அப்பாடா என்றால், இன்னொரு டெக்சாஸ் வழக்கின் தடை அப்படியே இருந்தது! பிப்ரவரி 18-ல் அதுவும் விலகியது. புதிய கெடு மார்ச் 21.

மார்ச் 21-ம் வந்தது. அன்றைக்கே ஃபின்சென் அறிவித்தது, அமெரிக்காவில் உருவான கம்பெனிகள் எதுவுமே இனி விவரம் தர வேண்டாம்! கோடிக்கணக்கில் இருந்த பட்டியல் ஒரே நாளில் ஆயிரங்களுக்குச் சுருங்கியது. ராத்திரி பகலாக ஃபைல் பண்ணி முடித்த ஆடிட்டர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

12. அமெரிக்கக் கம்பெனிக்கு விலக்கு, சென்னைக் கம்பெனிக்கு ஃபைலிங், தெரியுமா?

விலக்கு என்றதும் நாமும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது! வெளிநாட்டுச் சட்டப்படி உருவாகி, அமெரிக்க மாநிலம் ஒன்றில் தொழில் செய்யப் பதிந்த நிறுவனங்களுக்குக் கடமை தொடர்ந்தது. பதிந்து 30 நாளுக்குள் விவரம் தர வேண்டும். சென்னையில் தொடங்கிய பிரைவேட் லிமிடெட் ஒன்று, தன் பெயரிலேயே டெக்சாஸில் பதிந்தால் இந்த வலைக்குள் வரும். அதே ஆட்கள் டெலவரில் புதிதாக ஒரு எல்.எல்.சி. தொடங்கியிருந்தால் அது அமெரிக்கக் கம்பெனி, விலக்கு! முதலாளி, முதலீடு, வேலை எல்லாம் ஒன்றே. பிறந்த ஊர் மட்டும்தான் வேறு. இந்த ‘பிறந்த ஊர்’ விவரம் சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் கட்டம். அதைத் தப்பாக நிரப்பினால் மொத்தப் பதிலும் தலைகீழ்!

இந்த இலவச ஃபைலிங்கை வைத்தும் காசு பார்த்தவர்கள் உண்டு. ‘படிவம் 4022’, ‘படிவம் 5102’ என்று தலைப்பிட்டு, பணம் கட்டச் சொல்லிக் கடிதங்கள் பறந்தன. அப்படிப் படிவமே இல்லை என்று ஃபின்சென் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

13. பிறக்காத குழந்தை கம்பெனிக்கு முதலாளி ஆனது, தெரியுமா?

பிரிட்டன் முன்னோடி. 2016-லேயே உரிமையாளர் பதிவேட்டைத் திறந்தது. யார் வேண்டுமானாலும், காசில்லாமல், சென்னையில் டீ குடித்துக்கொண்டே லண்டன் கம்பெனியின் முதலாளி யாரென்று பார்க்கலாம். பிறந்த மாதமும் வருடமும்கூடத் தெரியும், தேதி மட்டும் மறைத்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், எழுதிக் கொடுத்ததை யாரும் சரிபார்க்கவில்லை! 2018-ல் குளோபல் விட்னஸ் அமைப்பு தரவை அலசியது. இரண்டு வயதுக்குக் குறைந்த ‘உரிமையாளர்கள்’ 4,000 பேருக்கு மேல். ஒருவர் இன்னும் பிறக்கவே இல்லை! பிரிட்டிஷ் என்ற குடியுரிமையை மட்டும் 500-க்கு மேற்பட்ட விதங்களில் எழுதியிருந்தார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சரிபார்ப்பே இல்லை என்று நிரூபிக்க ஒரு தொழிலதிபர் 2013-ல், அன்றைய வர்த்தக அமைச்சர் வின்ஸ் கேபிளையே டைரக்டராகப் போட்டு ஒரு கம்பெனியைப் பதிந்தார். அமைச்சருக்குத் தகவலும் சொன்னார். 2016-ல் இன்னொரு அமைச்சர் பெயரில் மறுபடியும் செய்து காட்டினார். 2018-ல் தண்டனை வந்தது, அவருக்கு! பொய்த் தகவல் தந்ததற்காக பிரிட்டனில் நடந்த முதல் வழக்கு அதுதான். அபராதமும் செலவுமாக 12,000 பவுண்டுக்கு மேல் கட்டினார். ஓட்டையைக் காட்டியவரே முதலில் மாட்டினார்!

கடைசியில் சட்டம் விழித்தது. 2023-ல் புதிய சட்டம். 2024 மார்ச் 4 முதல் வெறும் தபால்பெட்டி எண் பதிவு அலுவலகம் ஆக முடியாது. 2025 நவம்பர் 18 முதல் டைரக்டர்களும் உரிமையாளர்களும் ஆளடையாளத்தை நிரூபித்து 11 எழுத்து கொண்ட தனிக் குறியீடு வாங்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஓராண்டு அவகாசம். லண்டனில் லிமிடெட் கம்பெனியாகக் கடை நடத்தும் நம் ஈழத்து உறவுகளுக்கும் இது பொருந்தும்!

14. சத்யா நாதெல்லாவுக்கே இந்தியாவில் 2 லட்சம் அபராதம், தெரியுமா?

‘பெரிய கம்பெனிக்கெல்லாம் இது வராது’ என்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும். இந்தியக் கம்பெனிகள் சட்டம் 90-ஆம் பிரிவின்படி, மறைமுகமாகக் கட்டுப்பாடு வைத்திருக்கும் நபர் பென்-1 படிவத்தில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி அதை 30 நாளுக்குள் பென்-2 படிவத்தில் ரிஜிஸ்ட்ராரிடம் ஃபைல் பண்ண வேண்டும். பென்-3 பதிவேடு, பென்-4 கம்பெனி அனுப்பும் நோட்டீஸ்.

2024 மே மாதம், டெல்லி கம்பெனிகள் ரிஜிஸ்ட்ரார் ஒரு உத்தரவு போட்டார். லிங்க்ட்இன் இந்தியா இந்த விவரத்தைத் தரவில்லை, எனவே கம்பெனிக்கு 7 லட்சம் ரூபாய். லிங்க்ட்இன் தலைவர் ரயன் ரோஸ்லன்ஸ்கிக்கும் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கும் தலா 2 லட்சம். எல்லோருக்கும் சேர்த்து 27 லட்சத்துக்கு மேல்! லிங்க்ட்இன் மைக்ரோசாஃப்டின் கையில், ரோஸ்லன்ஸ்கி ரிப்போர்ட் செய்வது நாதெல்லாவிடம், ஆக அந்தச் சங்கிலியே கட்டுப்பாடுதான் என்பது ரிஜிஸ்ட்ராரின் வாதம். ஷேரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படுமா? யார் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார் என்பதும் கணக்கில் வந்துவிட்டதே! உலகத்துக்கே சாஃப்ட்வேர் விற்கும் வீட்டுக்கு ஒரு படிவத்தால் வந்த வினை!

நம் ஊர்ச் சின்னக் கம்பெனிகளுக்கும் தனி முள் உண்டு. ஏ.ஓ.சி.-4, எம்.ஜி.டி.-7ஏ என்ற வருடாந்தரப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய்! கம்பெனியில் வியாபாரமே நடக்காவிட்டாலும்.

15. கம்பெனியின் அடையாள எண்ணே மாறும், தெரியுமா?

நம் கம்பெனிகளுக்கு 21 எழுத்து எண் ஒன்று உண்டு, சி.ஐ.என். கையில் லெட்டர்பேட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் எழுத்து, சந்தையில் பட்டியலிட்டதா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் என்ன தொழில். பிறகு இரண்டு எழுத்து மாநிலம். அதன் பின் பிறந்த வருடம், பிரைவேட்டா பப்ளிக்கா என்ற மூன்றெழுத்து, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். ஒரே வரியில் ஜாதகமே இருக்கிறது!

ஆனால் கம்பெனி சந்தையில் பட்டியலானால், வேறு மாநிலத்துக்குப் பதிவை மாற்றினால், இந்த எண்ணும் மாறிவிடும்! பழைய எண்ணில் போட்ட ஒப்பந்தம், புதிய எண்ணில் வந்த சான்றிதழ் இரண்டும் ஒரே கம்பெனிதான் என்று யார் நினைவு வைப்பது? 2008-ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது, எந்தக் கிளைக் கம்பெனி யாருக்கு எவ்வளவு பாக்கி என்று புரியாமல் உலகமே விழித்தது. அதன் பிறகு வந்ததுதான் எல்.இ.ஐ. என்ற 20 எழுத்து உலக எண். கடைசி இரண்டு இலக்கமும் சோதனை எண்கள். தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினாலும் கணக்கு உதைக்கும்! இந்தியாவில் தனிநபர் அல்லாதவர்கள் 50 கோடி ரூபாயோ அதற்கு மேலோ ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியாக அனுப்ப 2021 ஏப்ரல் முதல் இந்த எண் கட்டாயம். நல்ல என்டிட்டி சாஃப்ட்வேரில் பழைய எண், புதிய எண், உலக எண் மூன்றும் ஒரே கம்பெனியின் பெயரடியில் தேதியோடு நிற்கும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

சாஃப்ட்வேர் மந்திரக்கோல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெலவர் கார்ப்பரேஷனுக்கு மார்ச் 1, எல்.எல்.சி.க்கு ஜூன் 1, இந்தியக் கம்பெனியின் பொதுக்குழுவுக்குப் பெரும்பாலும் செப்டம்பர் 30 என்று அது காலண்டர் போட்டு நினைவூட்டும். தீர்மானங்களையும் ஷேர் சான்றிதழ்களையும் பத்திரமாக வைக்கும். ஆனால் பினாமியை உட்கார வைத்தவன் அங்கேயும் பினாமி பெயரைத்தான் அடிப்பான், அதை அது கண்டுபிடிக்காது. எல்லோருடைய பாஸ்போர்ட் நகலும் ஒரே இடத்தில் குவிவதால் யார் பார்க்கலாம் என்ற பூட்டும் பலமாக இருக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் அத்தனை குட்டிக்கரணம் அடித்தும் கேள்வி மட்டும் போய்விடவில்லை. அங்கே வங்கிகள் 2018 மே 11 முதலே, கம்பெனி பெயரில் கணக்குத் தொடங்க வருகிறவரிடம் 25 சதவீத உரிமையாளர் யாரென்று கேட்கின்றன. நம் ஊர் வங்கிகளுக்கோ 2023 மார்ச்சில் அந்த வரம்பு 25-லிருந்து 10 ஆகக் குறைந்தது! ரிஜிஸ்ட்ரார் கேட்காவிட்டால் வங்கி கேட்கும், வங்கி விட்டால் முதலீட்டாளர் கேட்பார், கம்பெனியை விற்கும் நாளில் வாங்குகிறவரின் வக்கீல் கட்டாயம் கேட்பார். கேட்ட பிறகு அலமாரியைக் குடைந்து பயனில்லை.

இரண்டே கம்பெனி இருந்தால் ஒரு நல்ல எக்ஸெல் ஷீட்டும் பொறுப்பான ஆடிட்டரும் போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லேட்டஸ்ட் ஃபைனல்’ என்று மூன்று ஷீட் சுற்ற ஆரம்பித்துவிட்டதா? அப்போது சாஃப்ட்வேருக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கே உங்கள் ஆடிட்டரிடம் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: ‘சார், நம்ம எல்லாக் கம்பெனியிலேயும் கடைசி முதலாளி யாருன்னு இன்னைக்குத் தேதிக்கு ஒரே பக்கத்துல எழுதித் தர முடியுமா?’ மாலைக்குள் பேப்பர் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றால், உங்கள் கம்பெனியிலேயே ஒரு ‘தெரியுமா?’ காத்திருக்கிறது!